ஷட்டர் இறங்கிய நாள்: தமாகோ மார்க்கெட் பார்த்த கதை

ஒசாகாவில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் வழியில் ஒரு ஷோடென்காய் இருக்கிறது. தெரு முழுக்க மேலே கூரை போட்டு, இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகளாக இருக்கும் கடைத்தெருவுக்கு ஜப்பானில் அந்தப் பெயர். நான் அதற்குள் நுழையும்போது மணி ஒன்பதாகியிருக்கும். எல்லா ஷட்டரும் இறங்கியிருக்கும். அதில் பாதிக் கடைகள் காலையிலும் திறக்காதவை. இப்படிப்பட்ட தெருவை இங்கே 'ஷட்டர் தெரு' என்றே சொல்கிறார்கள்.

அந்தத் தெருவில் கொரொக்கே விற்கும் ஒரு பாட்டி இருந்தார். உருளைக்கிழங்கை மசித்து, ரொட்டித் தூளில் புரட்டி, எண்ணெயில் பொரிப்பதுதான் கொரொக்கே. சனிக்கிழமைகளில் நான் போனால் "ஒனீசான்" என்று கூப்பிடுவார். அண்ணா என்று அர்த்தம். அவர் வயதுக்கு நான் பேரன்தான், ஆனால் இங்கே கடைக்காரர்கள் இளவட்டங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைத் தாள். தூரிகையால் எழுதியது, இத்தனை காலம் ஆதரவு தந்ததற்கு நன்றி என்று. கடை மூடுகிறவர்கள் எல்லோரும் எழுதுகிற வாசகம்தான். ஆனால் நான் அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று ராத்திரிதான் தமாகோ மார்க்கெட் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரை இரண்டாவது முறையாகப் போட்டுப் பார்த்தேன். முதல் முறை பார்த்தது பல வருடங்களுக்கு முன்பு. அப்போது எனக்கு அது ஒரு குண்டுப் பறவை அடிக்கிற லூட்டி, அவ்வளவுதான். நாலைந்து எபிசோடில் கவனம் போய்விட்டது. இந்த முறை கடைசி வரைக்கும் பார்த்தேன். பிறகு அதைத் தொடர்ந்து வந்த படத்தையும் பார்த்தேன். பார்த்ததும், இதை நான்கு பேரிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது.

முதலில் அடிப்படைத் தகவல்கள். கியோட்டோ அனிமேஷன் ஸ்டூடியோ எடுத்து, 2013 ஜனவரி முதல் மார்ச் வரை ஒளிபரப்பான தொடர் இது. மொத்தம் 12 எபிசோட். மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதை எதையும் தழுவாமல் ஸ்டூடியோவே யோசித்து எடுத்த சொந்தக் கதை. இயக்கம் நவோகோ யமாடா, திரைக்கதைப் பொறுப்பு ரெய்கோ யோஷிடா. அடுத்த வருடம், 2014 ஏப்ரலில், தமாகோ லவ் ஸ்டோரி என்ற படம் வந்தது. ஜப்பான் மீடியா ஆர்ட்ஸ் விழாவில் புதுமுகங்களுக்கான விருது இந்தப் படத்துக்காக யமாடாவுக்குக் கிடைத்தது. தொடரை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம், படத்தை அடுத்த ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அந்த ஒரு வாரம் விட்டால் நல்லது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கதை நடப்பது உசாகியாமா ஷோடென்காயில். தமாகோ அங்கே மோச்சிக் கடைக்காரரின் மூத்த மகள். மோச்சி என்பது ஒட்டும் தன்மையுள்ள அரிசியை ஆவியில் வேகவைத்து, உரலில் போட்டு மரச் சம்மட்டியால் இடித்து, சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டி எடுக்கிற பண்டம். வீட்டில் அப்பா மமெதாய், தாத்தா ஃபுக்கு, தங்கை அங்கோ. அம்மா ஹினகோ இல்லை. தமாகோ சின்னப் பெண்ணாக இருக்கும்போதே இறந்துவிட்டார். நேர் எதிரே இன்னொரு மோச்சிக் கடை இருக்கிறது. அந்த வீட்டுப் பையன் மோச்சிஸோ, தமாகோவுடன் ஒன்றாகவே வளர்ந்தவன். அவளை நேசிக்கிறான், சொல்ல வாய் வரவில்லை. இருவரின் ஜன்னலும் தெருவுக்கு மேலே எதிரெதிராக இருக்கின்றன. காகிதக் கோப்பையில் நூல் கட்டிய விளையாட்டுத் தொலைபேசியில் ராத்திரி பேசிக்கொள்வார்கள். இரண்டு அப்பாக்களும் எலியும் பூனையும். ஒருவர் பழைய முறையை விட்டு ஒரு இம்மி நகர மாட்டார், இன்னொருவர் மேற்கத்தியப் பண்டம் மாதிரியெல்லாம் மோச்சி செய்து பார்ப்பார்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பறவை வருகிறது. பெயர் தெரா. ஏதோ ஒரு தென்கடல் தீவு ராஜ்யத்தின் இளவரசனுக்குப் பெண் தேடிக் கிளம்பிய தூதுவன். பூக்கடையில் பூக்களுக்குள்ளிருந்து எழுந்து வந்து, தமாகோ பின்னாலேயே வீட்டுக்குப் போய், மோச்சி தின்று தின்று பறக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிடுகிறது. ஜப்பானிய மொழியை அரசவைத் தோரணையோடு பேசுகிறது. குரல் கொடுத்த தகுமி யமாசாகி அந்தத் தோரணையில் கொஞ்சம்கூடக் குறை வைக்கவில்லை. சப்டைட்டிலோடு மூலக் குரலில் பார்ப்பதற்கு அது ஒன்றே போதும்.

ஆனாலும் குறையைச் சொல்லிவிட வேண்டும். தெராவுக்கு நேரம் அதிகம். அதைவிட, இளவரசனுக்குப் பெண் தேடும் கதை மெலிந்துபோய் இருக்கிறது. இளவரசனின் பணிப்பெண் சோய் வந்து சேர்ந்த பிறகு அந்தக் கதைக்கு ஒரு முகம் கிடைக்கிறது, அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவும் செய்தது. ஆனால் கடைசி இரண்டு எபிசோடில் எல்லாமே இளவரசன் வருகையின் மேல் நிற்கும்போது பாரம் தாங்கவில்லை. எட்டாவது எபிசோடைத் தாண்டிப் போனாலும் ஒன்றும் குறையாது. முதல் முறை நான் பாதியில் விட்டதற்கும் இதுதான் காரணம். கண்ணுக்குத் தெரிகிற கதை பறவையின் கதை என்று நினைத்து, அதைப் பிடித்துக்கொண்டே போய்விட்டேன்.

பிடிக்கவேண்டியது தெருவை.

தெரு எப்படி இருக்கிறது பாருங்கள். தமாகோ பள்ளி விட்டு வரும்போது ஒவ்வொரு கடையிலும் யாராவது ஒருவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அவள் பதிலுக்கு ஒரு சொல் சொல்லாமல் எந்தக் கடையையும் தாண்டுவதில்லை. பூக்கடை கவோரு ஆண் குரலில் பேசி, பெண்ணின் நளினத்தோடு நடப்பவர். 12 எபிசோடில் அந்தத் தெருவில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் கவோரு, பூக்கடைக்காரர், விஷயம் அத்தோடு முடிந்தது. காபிக் கடைக்காரர் இசைத்தட்டு ஒன்றை எடுத்துச் சுழலவிட்டு, யோசனையாக இரண்டு வரி சொல்வார். பொதுக் குளியல் வீட்டு மகள் சயூரிக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போது தெருவே சந்தோஷப்படுகிறது, டோஃபு என்கிற சோயா பனீர் விற்கும் கடைக்காரர் மட்டும் மனசுக்குள் நொறுங்கிப்போகிறார். அதையும் தெரு பார்க்கிறது. பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் இவர்கள் ஒருவருக்கொருவர் காட்டுகிற மரியாதை.

தமாகோவின் தோழி மிதோரி விஷயமும் அப்படியே. பொம்மைக் கடைத் தாத்தாவின் பேத்தி அவள். இரண்டாவது எபிசோடில், காதலர் தினத்துக்கு ஷோடென்காயில் விற்பனையைக் கூட்டத் திட்டம் போடுகிறார்கள். அந்தக் கலகலப்புக்கு நடுவில் மிதோரி தமாகோவைப் பார்க்கிற பார்வையில் தோழமையைத் தாண்டி ஏதோ இருக்கிறது. யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை, அவளுமே வைப்பதில்லை. பட்டென்று சொல்லிவிட்டால் போய்விடக்கூடிய ஒன்றைச் சொல்லாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். தச்சர் வீட்டுப் பெண் கன்னாவும் உண்டு. முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் எதையும் அளவெடுக்கிற கண்ணோடு பார்ப்பவள். அவள் வருகிற காட்சி எதுவும் எனக்கு அலுக்கவில்லை.

டிசம்பர் 31 தமாகோவின் பிறந்தநாள். மோச்சிக் கடைக்கு வருடத்திலேயே அதிக வேலை இருக்கிற நாள் அது. புத்தாண்டுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ககாமி மோச்சி வைப்பார்கள், பெரிய உருண்டை மேல் சின்ன உருண்டையாக. ஆகவே அந்தப் பெண்ணின் பிறந்தநாளன்று வீட்டில் எல்லோருடைய கையும் மாவில் இருக்கும். அவள் கையும்தான். இதற்காக அவள் ஒரு முறைகூட முகம் சுளிப்பதில்லை. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊரின் பண்டிகைதான் தங்கள் வீட்டு வேலைநாள் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. முதல் எபிசோடில் இதை நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவது முறை பார்க்கும்போது, அந்தப் பெண் ஏன் இவ்வளவு சிரித்த முகமாக இருக்கிறாள் என்ற கேள்வி வந்தது.

பதில் ஒன்பதாவது எபிசோடில் பாதியும் பன்னிரண்டாவதில் மீதியுமாக வருகிறது. தமாகோ அடிக்கடி ஒரு மெட்டை முணுமுணுப்பாள். அம்மாவிடமிருந்து காதில் விழுந்தது. என்ன பாட்டு என்று தெரியாது, வரிகளும் நினைவில் இல்லை. ஒன்பதாவது எபிசோடில் அது யாருடைய பாட்டு என்று தெரியவருகிறது. அந்த முறைப்புக்கார அப்பா, மமெதாய், பள்ளிக் காலத்தில் பாட்டுக் குழு வைத்திருந்தார். ஹினகோவுக்காக எழுதிப் பாடிய காதல் பாட்டு அது. மோச்சி இடிப்பதையும் எதிர்க்கடைக்காரரோடு சண்டை போடுவதையும் தவிர வேறெதையும் நாம் பார்த்திராத மனிதர். அவர் முகத்தை அதற்குப் பிறகு பழையபடி பார்க்க முடியாது.

கடைசி எபிசோடில்தான் ஷட்டர் வருகிறது. தமாகோ தெருவுக்குள் நுழைகிறாள். எல்லாக் கடையும் மூடியிருக்கிறது. அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அவள் அப்படியே உறைந்துபோகிறாள். அம்மா இறந்த நாளிலும் இப்படித்தான் தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. அந்தப் பிள்ளையின் மனதில் மூடிய கடைத்தெரு என்றால் அம்மா இல்லாத நாள் என்று பதிந்துபோயிருக்கிறது.

இந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு மறுபடி முதல் எபிசோடைப் போட்டேன். ஒவ்வொரு கடையிலும் அவள் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறாளே, அதைப் பார்ப்பதற்காக. கடை திறந்திருக்கிறதா, ஆள் இருக்கிறாரா, பேசுகிறாரா என்று ஒரு பெண் தினமும் உறுதிசெய்துகொள்கிறாள் என்று எனக்குப் பட்டது. காதலர் தினத்துக்கு என்ன செய்யலாம், கோடையில் கூட்டம் சேர்க்கப் பேய் வீடு போடலாமா என்று கடைத்தெருக் கூட்டத்தில் எல்லோரையும் முந்திக்கொண்டு அவள் யோசனை சொல்வதும் அப்போது வேறு மாதிரி தெரிந்தது. ஷட்டர் இறங்காமல் பார்த்துக்கொள்ள அவளால் ஆனதைச் செய்கிறாள். லேசாகப் போகிற எபிசோடுகள் எல்லாம் இந்த ஒரு காட்சிக்குப் பிறகு கனம் கூடுகின்றன. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேனே என்று நினைக்கவேண்டாம். தெரிந்து பார்த்தாலும் இது வேலை செய்கிறது. இன்னும் சொன்னால், தெரிந்து பார்க்கும்போதுதான் அதிகமாக.

அடுத்தது படம். தொடரைப் பார்த்து ஒரு வாரம் விடச் சொன்னேன் அல்லவா? தொடரின் வேகம் உடம்பிலிருந்து இறங்கவேண்டும் என்பதற்காகத்தான். படத்தின் மூச்சு வேறு. பறவை, இளவரசன் எல்லாம் ஓரமாகப் போய்விட்டது. பள்ளிப் படிப்பின் கடைசி வருடம், மோச்சிஸோ படிப்புக்காக டோக்கியோ போகப்போகிறான். 83 நிமிடம், இந்த ஒரு விஷயம் மட்டும்.

ஆற்றின் குறுக்கே போட்ட கற்களின் மேல் நின்று அவன் சொல்லிவிடுகிறான். தமாகோ தடுமாறித் தண்ணீரில் விழுகிறாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு ஓடும்போது உலகமே நிறம் கலைந்து கசிகிறது, தெருவில் எல்லோரும் பேசுவது வேறு மொழி மாதிரி ஆகிவிடுகிறது. இத்தனை வருடமாக எது மாறாது என்று நம்பிக்கொண்டிருந்தாளோ அதுவே மாறப்போகிறது என்கிற பயத்தை யமாடா வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார். அவர் காட்சிகளில் கேமரா முகத்தைவிடக் காலை அதிகம் பார்க்கும். நிற்கிற கால், பின்வாங்குகிற கால், மேசைக்கு அடியில் ஒன்றோடொன்று உரசிக்கொள்கிற கால். வாய் சொல்லாததைக் கால் சொல்லிவிடும். மிதோரி மோச்சிஸோவைச் சொல்லத் தூண்டுகிற காட்சியை இந்தக் கண்ணோடு பாருங்கள், அந்தப் பெண்ணுக்காக மனசு கனக்கும்.

அம்மா பாட்டு இங்கேயும் வருகிறது. அப்பாவின் பாட்டு பதிந்த கேசட்டின் மறுபக்கத்தில் ஹினகோவின் குரல் இருக்கிறது. அவர் பாட்டுக்கு இவர் பாடிக் கொடுத்த பதில். தடுமாறித் தடுமாறிப் பாடியிருக்கிறார், அவ்வளவு அழகு. பாட்டு ஒன்று வந்தால் பதில் சொல்லவேண்டும் என்று அம்மாவிடமிருந்து மகள் தெரிந்துகொள்கிறாள். எப்போதோ இறந்துபோன அம்மா, கடைசியில் இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகிறார். கியோட்டோ ஸ்டேஷனில், ஷின்கான்சென் அதிவேக ரயில் நிற்கும் பிளாட்ஃபாரத்தில், அந்தக் காகிதக் கோப்பையும் நூலும் கடைசியாக எப்படி வருகிறது என்பதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை.

இந்த ஸ்டூடியோவைப் பற்றி ஒன்று. 2019 ஜூலை 18 அன்று கியோட்டோவில் இவர்களின் கட்டிடம் ஒன்றுக்குத் தீ வைக்கப்பட்டு 36 பேர் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து, இவர்கள் எப்போது எடுத்ததாக இருந்தாலும், கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலை நான் தள்ளிவிட்டுப் பார்ப்பதில்லை. தமாகோவிலும் அப்படித்தான், 12 முறையும் முழுதாக ஓடவிட்டேன்.

உசாகியாமா நிஜத்தில் இல்லை. ஆனால் அதற்கு மாதிரியாக இருந்த தெரு கியோட்டோவில் இருக்கிறது, பெயர் தெமாச்சி மசுகதா. அடுத்த விடுமுறையில் கெய்ஹான் ரயிலில் ஏறி, கடைசி ஸ்டேஷனான தெமாச்சியனாகியில் இறங்கினேன். இரண்டு பாலம் தாண்டவேண்டும், இரண்டு ஆறுகள் அங்கே சேர்கின்றன. அந்த முனையில்தான் படத்தில் வருகிற கற்கள். சில கற்கள் ஆமை வடிவத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் தாவிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி படத்தில் தெரிந்ததைவிட அதிகம். தமாகோ விழுந்ததில் ஆச்சரியமில்லை.

தெரு சின்னது, கோடிக்குக் கோடி நடக்க மூன்று நிமிடம் ஆகாது. வகாசாக் கடற்கரையிலிருந்து கானாங்கெளுத்தி மீனை உப்பிட்டுச் சுமந்து வந்த பழைய பாதை இந்தத் தெமாச்சியில்தான் முடிந்தது. இப்போதும் மீன் கடை, காய்கறிக் கடை, பழக் கடை எல்லாம் நடக்கின்றன. 2017இல் உள்ளேயே ஒரு சின்ன சினிமா தியேட்டரும் வந்திருக்கிறது. ஒரு கடையின் கண்ணாடியில் தமாகோ போஸ்டர் ஒன்று வெயிலில் வெளுத்துப்போய் ஒட்டியிருந்தது. இங்கேயும் மூடிய ஷட்டர் இல்லாமல் இல்லை. ஆனால் காய்கறிக் கடைக்காரர் சைக்கிளில் போன ஒரு அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும், அவர் இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்று பதில் சொல்லிவிட்டுப் போனதையும் பார்த்தேன்.

தெருவை ஒட்டி, கவரமாச்சி சாலையில், 1899 முதல் நடக்கும் தெமாச்சி ஃபுதாபா மோச்சிக் கடை. வரிசை நடைபாதையில் வளைந்து போகிறது. அரை மணி நேரம் நின்று இரண்டு மமெமோச்சி வாங்கினேன். மெல்லிய மோச்சித் தோலுக்குள்ளேயிருந்து உப்புப் போட்டு வேகவைத்த பட்டாணி கருநிறத்தில் பிதுங்கித் தெரிகிறது, நடுவில் அசுக்கிப் பயற்றுப் பூரணம். கையில் எடுத்தால் கனமாகத் தொய்கிறது, விரல் பட்ட இடம் அப்படியே குழிந்து நிற்கிறது. முதல் கடியில் உப்பு, அப்புறம்தான் இனிப்பு. அன்றே சாப்பிட்டுவிட வேண்டும், மறுநாள் இறுகிவிடும். மோச்சிக் கடைக்காரருக்கு விடுமுறை ஏன் கிடைப்பதில்லை என்பது அதைக் கையில் வைத்திருக்கும்போது புரிகிறது. நேற்றைய மோச்சி என்று ஒன்று கிடையாது, தினமும் இடித்துத்தான் ஆகவேண்டும்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட நினைத்தேன். பருந்து வந்து கையிலிருக்கும் பண்டத்தைப் பறித்துக்கொண்டு போகும் என்று அங்கே எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. மேலே இரண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தன. தெராவை நினைத்துக்கொண்டு, ஒன்றைப் பாலத்துக்கு அடியில் நின்று சாப்பிட்டேன். இன்னொன்றைப் பெட்டியோடு மடியில் வைத்து ஒசாகா கொண்டுவந்தேன்.

அன்று தெருவுக்குள் நுழையும்போது மணி ஏழுகூட ஆகவில்லை. டோஃபு கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார், அடியில் வெளிச்சம் தெரிந்தது. இத்தனை நாளும் நான் அவரிடம் விலை தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. குனிந்து, கொரொக்கே பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மகள் வீட்டில் இருக்கிறார், முழங்கால்தான் முடியவில்லை, நாக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மோச்சியை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஷட்டரை மறுபடி பாதிவரைக்கும் தூக்கிவிட்டு, உள்ளே போய் ஒரு டோஃபுவைப் பையில் போட்டு எடுத்து வந்தார்.